பெண்கள் கட்டத்தில் பூஜ்யம்

எட்டு மாதம் என் பிழைப்பு ஒரே ஒரு கேள்வியில் ஓடியது. முன்பின் தெரியாத வீட்டு வாசலில் போய் நின்று, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்த வீட்டு ஆம்பளையைப் பார்த்து, "போன ஏழு நாள்ல என்ன குடிச்சீங்க, எவ்வளவு குடிச்சீங்க?" என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளவேண்டும். அந்த இரண்டாவது காரியம்தான் கஷ்டம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை மறைக்கிற முகத்தைக் கடவுள் எனக்குக் கொடுக்கவில்லை.

கடையில் விற்கும் பாட்டிலுக்கெல்லாம் அரசாங்கத்திடம் கணக்கு இருக்கிறது. ஒரு குவார்ட்டர் கூடக் குறைய இருக்காது. அந்தக் கணக்குக்கு வெளியே ஜனங்கள் குடிப்பது எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது. மரத்திலிருந்து இறங்கும் கள், ஓடைக்கரையில் காய்ச்சுவது, மிலிட்டரிக்காரர் பெட்டியில் வருவது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் குடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து தூங்குவது என்று அதற்குப் பல வழிகள். இதையெல்லாம் கூட்டினால்தான் ஒரு நாடு உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று சொல்லமுடியும். அப்படிக் கூட்டிப் பார்க்க விரும்பிய ஓர் ஆராய்ச்சிக் குழு எங்கள் தேனி மாவட்டத்துக்கு ஆறு பேரை வேலைக்கு எடுத்தது. பழனிசெட்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டு, கணவரின் கடையில் சும்மா உட்கார்ந்திருந்த நானும் அதில் ஒருத்தி.

மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம், மனிதர்கள் சொல்லும் அளவை நம்பக்கூடாது என்பது. பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. "ஒரு கிளாஸ்" என்று ஒருவர் சொன்னால் அது எந்த கிளாஸ்? எவர்சில்வர் டம்ளரா, பேப்பர் கப்பா, பெருமாள் கோயில் தீர்த்தக் கிண்ணமா? அதனால் எங்கள் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுக் குவளையும் இருக்கும். அவர்கள் வழக்கமாகக் குடிக்கும் பாத்திரத்தை எடுத்து வரச்சொல்லி, வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீரை ஊற்றிக் காட்டச்சொல்ல வேண்டும். பிறகு அதை எங்கள் குவளையில் மாற்றி அளந்து எழுதிக்கொள்வோம். வாயால் பேசும்போது கூச்சப்படுகிறவர்கள்கூட ஊற்றிக் காட்டச்சொன்னால் உற்சாகமாகிவிடுவார்கள். கை பழகின காரியமல்லவா.

ஜெயமங்கலத்தில் ஒரு விவசாயி, "நான் தொடுறதே இல்லங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற மனைவி, தினமும் நாலு டம்ளர் என்பதுபோல நாலு விரலைக் காட்டினார். கடமலைக்குண்டில் இன்னொருவர், கள்ளை எந்தக் கட்டத்திலும் எழுதக்கூடாது என்று என்னோடு அரைமணி நேரம் சண்டை போட்டார். "மரத்துல இருந்து வர்றது இளநி மாதிரித்தானத்தா? அதப் போயி சாராயத்தோட சேக்குறியே" என்றார். நான் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஊற்றிக் காட்டச்சொல்லி, ஒரு லிட்டரும் கொஞ்சமும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். இந்த மாதிரி விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு மிதப்பு இருந்தது.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் பெண்களுக்கென்று தனிக் கட்டங்கள் உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் அதே கேள்விகளை அதே வார்த்தைகளில் கேட்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் வடக்கத்திக்காரர். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பப் பெண்ணைப் பார்த்து "நீங்க குடிப்பீங்களா" என்று கேட்டால், வந்த வழியே திரும்பிப் போகவேண்டியதுதான். விளக்குமாறு வந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் ஆறு பேரும் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒரே காரியத்தைச் செய்தோம். ஆண்கள் பக்கத்தை முடித்ததும் பெண்கள் பக்கத்தைத் திருப்பி, கேட்காமலே வரிசையாகப் பூஜ்யம் போட்டோம். கள், பூஜ்யம். காய்ச்சியது, பூஜ்யம். எல்லை தாண்டி வந்தது, பூஜ்யம். கடைசியாக ஒரு கட்டம் இருக்கும், 'மருந்து அல்லது டானிக் என்ற பெயரில் குடிப்பது' என்று. அதிலும் பூஜ்யம். ஒரு வீட்டுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. பேனா பழகிவிட்டது.

இந்த இடத்தில் என் அப்பா அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கம்பத்தில் இருக்கிறார்கள். அப்பா ஜீப் டிரைவர். விடியும்போது ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார், சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வருவார். அறுபதைத் தாண்டியும் அதே ரோடு, அதே கொண்டை ஊசி வளைவுகள். அப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. வண்டியின் பின்பக்கம் 'குடித்தவர்கள் ஏற வேண்டாம்' என்று தன் கையாலேயே பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறார். அந்த வண்டியில் இடம் பிடிக்கப் பெண்கள் நாலரை மணிக்கே வந்து நிற்பார்கள்.

அம்மாவும் ஒரு காலத்தில் அதே வண்டியில் தோட்டத்துக்குப் போனவள்தான். குனிந்து குனிந்து ஏலக்காய் எடுத்து இடுப்பு போனபிறகு வீட்டோடு இருந்துவிட்டாள். அவளுக்கு இடுப்பு வலி, கால் வலி, தூக்கம் வராமை என்று பல பாடு. எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்த ஒரே மருந்து ஆயுர்வேத அரிஷ்டம். மலை மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் வைத்தியசாலைக் கடையிலிருந்து அப்பா வாங்கிவருவார். என்னைப் பெற்றபோது கொடுக்க ஆரம்பித்தார்களாம். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு அரிஷ்டம் கொடுக்காத வீடு குறைவு. மற்றவர்கள் மூன்று மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். அம்மா நிறுத்தவில்லை என்பது எனக்கு விசேஷமாகத் தோன்றியதே இல்லை. எங்கள் வீட்டில் நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், தேன், பினாயில் எல்லாமே பழைய அரிஷ்ட பாட்டிலில்தான் இருக்கும். அந்தக் கசப்பும் வெல்லமும் கலந்த வாசனையைத்தான் நான் சின்ன வயதிலிருந்து அம்மா வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலிலிருந்து லீவில் வந்து அவள் மடியில் படுத்தால் அந்த வாசனை வரும், உடனே தூக்கம் வரும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பின் மேல்பக்கம் முறிந்துவிட்டது. அப்பா தன் வண்டியிலேயே பின்சீட்டில் மெத்தை போட்டுப் படுக்கவைத்துத் தேனிக்குக் கொண்டுவந்தார். நான் பழனிசெட்டிபட்டியிலிருந்து பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியாத்தா?" என்றாள்.

சேர்க்கும்போது ஒரு பெண் டாக்டர் விவரம் கேட்டார். என் வயதுதான் இருக்கும். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, அதே குரலில், "மதுப் பழக்கம் எதுவும் உண்டா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்கம்மாகிட்டப் போயி என்ன கேள்வி மேடம் இது? எங்க வீட்டுல ஆம்பளையே தொட மாட்டாக" என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. எல்லோரிடமும் கேட்கவேண்டியது என்று சொல்லிவிட்டு 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். எட்டு மாதம் அடுத்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்கிய எனக்கு, அது எவ்வளவு நியாயமான கேள்வி என்று அந்த நேரம் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். திங்கட்கிழமை கொஞ்சம் சிடுசிடுவென்று இருந்தாள், கை லேசாக நடுங்கியது. மயக்க மருந்து விட்ட அசதி என்று நினைத்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் நான் காபி வாங்கிக்கொண்டு அறைக்குள் போனபோது அம்மா படுக்கை விரிப்பை விரல்களால் கிள்ளிக் கிள்ளி எடுத்து இடுப்புப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியிருந்தது. "என்னம்மா பண்ற?" என்று கேட்டேன். "காய் பூரா அடியில கெடக்கு. எடுத்து முடிக்கலன்னா கங்காணி வைவாரு. நீயும் குனிஞ்சு எடு, நிக்காத" என்றாள். அவள் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மாதிரி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அவள் கையைப் பிடித்தால் உதறினாள். அம்மா, நான்தான்ம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். டாக்டர் ஓடிவந்து கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார். முறிந்த எலும்பிலிருந்து ஏதாவது கிளம்பி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போயிருக்கலாம், கிருமியாக இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம் என்றார். மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது, ஆனால் இப்படித் துள்ளும் உடம்போடு ஆம்புலன்சில் ஒன்றரை மணி நேரம் போவதும் ஆபத்துதான் என்றார். "காரணம் தெரியாம மருந்து குடுக்க முடியாதும்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மருந்து. மாத்திக் குடுத்தா வம்பாயிரும். நேரமும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்சுக்கு போன் பண்ணப் போனார்.

அப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் மூன்று நாளாக அங்கேயே கிடந்தார். அம்மாவின் கால்மாட்டைத் தடவிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "அரிஷ்டம் குடிக்காம மூணு நாளாச்சுல்ல. அதான் ஒடம்பு இந்த ஆட்டம் ஆடுது. ஒரு பாட்டில் கொண்டாந்து குடுத்தா சரியாப் போகும்" என்றார்.

எனக்கு எங்கள் படிவத்தின் அந்தக் கடைசிக் கட்டம் ஞாபகம் வந்தது. 'மருந்து அல்லது டானிக் என்ற பெயரில் குடிப்பது.' நூற்றுக்கணக்கான வீட்டில் நான் பூஜ்யம் போட்ட கட்டம். பயிற்சியில் அரிஷ்டத்தைப் பற்றித் தனியாகவே சொல்லியிருந்தார்கள். புளிக்கவைத்துச் செய்வது, சாராயச் சத்து தானாகவே அதில் ஊறிவரும், மூடி அளவு குடித்தால் மருந்து, பாட்டில் அளவு குடித்தால் குடிதான் என்று. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள் மூன்றாம் நாள் என்ன ஆகும் என்பதையும் சொல்லியிருந்தார்கள். கை நடுக்கம், வேர்வை, இல்லாததைப் பார்ப்பது. நான் அழகாக நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

"அப்பா, அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பாக?" என்று கேட்டேன்.

"லேபிள்ல போட்டுருக்க மாதிரிதான். காலைல ஒரு மூடி, பொழுதுசாய ஒரு மூடி."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். விடிகாலையில் கிளம்பி இருட்டும்போது வருகிறவருக்கு வேறு எப்படித் தெரியும். ஆனால் என் தொழில் எனக்கு உதவிக்கு வந்தது. மூடியைக் கேட்கக்கூடாது, பாட்டிலைக் கேட்கவேண்டும்.

"எத்தன நாளைக்கு ஒருக்க வாங்கிட்டு வர்றீக?"

"பெட்டியா வாங்கிருவேன்த்தா. ஒரு பெட்டிக்கு பன்னெண்டு பாட்டில். எட்டு நாள் வரும், ஒம்போது நாள் வரும்." சொல்லிக்கொண்டு வந்தவர் குரல் பாதியில் இறங்கியது. மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். "காலிப் பாட்டில்ல எண்ணெய் ஊத்திவைப்பா, அக்கம்பக்கம் குடுப்பாள்னு நெனச்சேன்" என்றார்.

நான் கைபேசியை எடுத்து அங்கேயே பெருக்கி வகுத்தேன். எல்லாப் பானத்தையும் ஒரே அளவுக்கு மாற்றிப் பார்க்க எங்களுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டிலுக்கு மேல், ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. கடைச் சரக்கில் சொன்னால் குவார்ட்டருக்குச் சற்றுக் குறைவு. எத்தனை வருஷமாக என்று அப்பாவிடம் கேட்டேன். பெட்டியாக வாங்க ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும் என்றார். அம்மாவின் எடை நாற்பத்தைந்து கிலோ. நான் அளவெடுத்த எத்தனையோ குடிகார ஆண்களைவிட அவள் உடம்புக்கு அது அதிகம்.

நான் நடைபாதையில் ஓடினேன். டாக்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மேடம், நான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என்ன குடித்தாள், எவ்வளவு, எத்தனை வருஷம், கடைசியாக எப்போது. சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. டாக்டர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு தெளிவா எனக்கு யாருமே சொன்னதில்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதுரைக்குப் போகவில்லை. குடி திடீரென்று நின்றதால் வரும் கோளாறுக்கென்று ஊசி போட்டார்கள், வைட்டமினை டிரிப்பில் ஏற்றினார்கள். இரண்டு நாள் நிச்சயமில்லை என்று டாக்டர் சொன்னார். அந்த இரண்டு நாளும் அப்பா கட்டிலை விட்டு நகரவில்லை.  ஒரே ஒருமுறை மட்டும், "மருந்துன்னு நெனச்சுத்தானத்தா வாங்கிக் குடுத்தேன். வண்டில அப்படி எழுதிப் போட்டுக்கிட்டு, சீட்டுக்கடியில நானே பெட்டி பெட்டியா ஏத்திட்டு வந்திருக்கேனே" என்றார்.  டீ வாங்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பத்து மணி வாக்கில் அம்மா கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தாள். "தலைய ஏன்டி இப்படி விரிச்சுப் போட்டுருக்க, எழவு வீடு மாதிரி" என்றாள். அதைவிட இனிமையாக ஒருவரும் என்னைத் திட்டியதில்லை.

அம்மா வீட்டுக்குப் போனபிறகு நான் செய்த முதல் வேலை, குழுவின் மேற்பார்வையாளரிடம் போய், பெண்கள் பக்கம் முழுக்கக் கேட்காமல் போட்டது என்று ஒப்புக்கொண்டது. வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டுக் கேட்டார். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் ஆறு பேரும் திரும்பப் போய்க் கேட்கவேண்டும், போக வர பஸ் காசு எங்களுடையது என்று முடிவானது. நியாயம்தான்.

திரும்பப் போனபோது கேள்வியை மாற்றிக்கொண்டேன். 'குடி' என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. பெண்களோடு கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து, "ஒடம்பு வலிக்கு என்ன எடுத்துக்கறீக?" என்று ஆரம்பித்தேன். ஜெயமங்கலத்தில் நாலு விரல் காட்டின அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, களையெடுத்துவிட்டு வரும் நாளில் புருஷன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தனக்கும் ஊற்றிக்கொள்வதாகச் சொன்னார். "அவரு நாலுன்னு கணக்கு வச்சிருக்காரு, அதுல ஒண்ணு என்னோடது" என்றார். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. பெரும்பாலான வீட்டில் உண்மையிலேயே பூஜ்யம்தான். ஆனால் அது கேட்டுப் போட்ட பூஜ்யம்.

ஊரெல்லாம் கேட்டுவிட்டேன். அம்மாவிடம் கேட்கத்தான் ஒரு மாதம் ஆயிற்று. ஆராய்ச்சிக்காக இல்லை. சொந்தக்காரர்களிடம் கேட்டு எழுதக்கூடாது என்று விதி. எனக்காகத்தான் கேட்க நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்த நாட்கள். வீட்டில் அரிஷ்ட பாட்டில் ஒன்றுகூட இல்லை. எண்ணெயைக்கூட அப்பா வேறு டப்பாவுக்கு மாற்றியிருந்தார். அம்மா உடம்பில் இப்போது வெறும் தைல வாசனைதான். நான் கீழே உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "டாக்டர்கிட்ட நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

"தெரியும். ஒங்கப்பா சொன்னாக."

"கோவமா?"

"கோவம் என்னத்துக்கு. அந்தப் புள்ள மொத நாளே கேட்டுச்சு. நாந்தான் முழிச்சுக்கிட்டு கெடந்தேனே, என்னயக் கேக்காம நீ பட்டுனு சொல்லிட்ட. கேட்டுருந்தா சொல்லியிருப்பேன்."

"அது மருந்து இல்லன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? வலிக்கு ரெண்டு மூடி போதும். மிச்சத்துக்கு என்ன பேருன்னு எனக்கு மட்டும் தெரியாதா?" அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். சங்கடம் இருந்தது, ஆனால் மறைக்கவில்லை.

எங்கள் படிவத்தின் கடைசிக் கேள்வி, ஏன் குடிக்கிறீர்கள் என்பது. அதற்குப் பதில்களும் கொடுத்திருப்பார்கள். வலி, குளிர், தூக்கமின்மை, நண்பர்களுக்காக, பிற. நூற்றுக்கணக்கானவர்களிடம் மூச்சு விடாமல் கேட்ட அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் படிவத்தில் இருந்தபடி கேட்கவில்லை. "மிச்சம் எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "நீ ஹாஸ்டல்ல இருந்தப்ப நம்ம தெரு வண்டி ஒண்ணு மேட்டுல கவுந்துச்சுல்ல, மழ பேஞ்ச அன்னிக்கு" என்றாள். எனக்கு ஞாபகம் இருந்தது. "அன்னிக்கு ஒரு வண்டி உருண்டுருச்சுன்னுதான் சேதி வந்துச்சு. யாரு வண்டின்னு தெரியல. அஞ்சு மணில இருந்து ஏழரை வரைக்கும் நான் வாசல்லயே நின்னேன். போனும் கெடையாது அப்ப. ஒங்கப்பா வந்து எறங்குனாக. வேற ஆளு வண்டின்னு சொன்னாக. நான் உள்ள போயி சோத்தப் போட்டேன். மறுநா அஞ்சு மணி ஆச்சு, எனக்கு நெஞ்சு படபடன்னு வந்துருச்சு. அதுக்கு மறுநாளும் அப்படித்தேன். மழ இருந்தாலும் இல்லாட்டியும் அஞ்சு மணி ஆனா வந்துரும். வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் இங்கன நிக்க முடியாது, அங்கன உக்கார முடியாது. ரெண்டு மூடிக்கு மேல ஊத்துனா கொஞ்சம் அடங்குச்சு. அப்பறம் ரெண்டு மூடி பத்தல."

அப்பாதான் அந்த அரிஷ்டத்தை வாங்கிக்கொண்டு வந்தார், அந்த ரோட்டில், அந்த வண்டியில்.  அவளுக்குத் தெரியாததா.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. இவ்வளவு வருசமா ஏன் சொல்லல?"

அம்மா காலை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதோ விவரம் இல்லாமல் பேசிவிட்டதுபோல. "எப்படிச் சொல்ல? நான் இங்க பயந்துக்கிட்டு நிக்கிறேன்னு தெரிஞ்சா, ஒவ்வொரு வளவுலயும் மனுசனுக்கு என் நெனப்பு வரும். பயந்துக்கிட்டு ஓட்டுனா கை நடுங்குமேத்தா. பன்னெண்டு பொம்பளைக உக்காந்து வாராக அந்த வண்டில." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயும் சொல்லிராத" என்றாள்.

நான் சொல்லவில்லை. அப்பா புத்தகம் படிக்கிறவர் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவர் இன்னும் ஓட்டுகிறார். விடச்சொல்லி நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், காரணத்தைச் சொல்லாமல். கை ஓய்கிறவரை ஓட்டுவேன் என்கிறார். அதனால் முடிந்த நாட்களில் நான் மத்தியான பஸ்ஸில் கம்பத்துக்குப் போகிறேன். ஐந்து மணி ஆனதும் அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள். நான் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். அந்தக் கை அப்போது நன்றாகவே நடுங்கும். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவள் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, அப்பா உள்ளே வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.